தட்டு நிறைய இருந்தும் பட்டினி கிடந்த எலி

(தருமபுரி மாவட்டம் வத்தல்மலையில் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஊர்மக்கள் கூடிய கூட்டத்தில் ஓய்வுபெற்ற உடலியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாமையும் கேழ்வரகும் விளைகிற மலையில் வந்து சாப்பாட்டைப் பற்றிப் பேச ஒரு மருத்துவக் கல்லூரி வாத்தியார் எதற்கு என்று உங்களில் சிலராவது நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சாப்பிடுகிறவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்தேன். அவரைப் பற்றித்தான் நாம் எல்லோரும் தீர்ப்புச் சொல்லி வைத்திருக்கிறோமே! ‘அவன் ஒரு தின்னி.’ ‘அவளுக்கு வாயைக் கட்டத் தெரியாது.’ ‘இந்தப் பிள்ளைக்கு அடம், ஒரு வாய் வாங்க மாட்டேங்குது.’ மூன்றுமே குணத்தின் மேல் சொல்லும் குற்றச்சாட்டு. எழுபது வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி இந்த மூன்றையும் கிட்டத்தட்டத் தள்ளுபடி செய்துவிட்டது. அதற்கு முக்கியமான தொடக்கம் கொடுத்தவர் ஓர் இந்தியர் என்பது மருத்துவ மாணவர்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் பால் கிருஷ்ண ஆனந்த். 1917-இல் லாகூரில் பிறந்தவர். அந்த ஊரிலேயே மருத்துவம் படித்தார். பிரிவினைக்குப் பிறகு டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர். அங்கிருந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் புரோபெக் என்கிற உடலியலாளருடன் சேர்ந்து வேலை செய்தார். அந்த வேலையின் முடிவு 1951-இல் அச்சானது.

அந்த நாளில் பசி என்றால் வயிறு. 1912-இல் வால்டர் கேனன் என்பவர் தன் மாணவர் வாஷ்பர்னை ஒரு ரப்பர் பலூனை விழுங்கச் சொன்னார். பலூன் வயிற்றுக்குள் போனதும் காற்றடைத்து, இரைப்பை எப்போது சுருங்குகிறது என்று பதிவு செய்தார்கள். பசி கிள்ளுகிறது என்று வாஷ்பர்ன் சொன்ன நேரமும் இரைப்பை சுருங்கிய நேரமும் பொருந்தி வந்தன. வயிறு சுருங்குவதுதான் பசி என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம் பாட்டிமாருக்கும் அதே கருத்துதான், ஆகவே யாரும் சண்டை போடவில்லை. ஆனால் நோயினால் இரைப்பையையே எடுத்துவிட்ட மனிதர்களுக்கும் பசிக்கிறதே! இந்த ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

1940-இல் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலியின் மூளை அடிப்பகுதியில் ஓரிடத்தைச் சிதைத்தபோது எலி பெருத்துப்போவதைப் பார்த்தார்கள். அந்தப் பகுதிக்கு ஹைப்போதலாமஸ் என்று பெயர். மூளைக்கு நடு அடியில், மூக்குக்குப் பின்னால் வெகு ஆழத்தில் இருக்கிறது. மனிதனுக்கே பாதாம் பருப்பு அளவுதான், எலிக்கு எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நடுப்பக்கம் போனால் எலி நிறுத்தாமல் தின்றது. போதும் என்று சொல்லும் இடம் அங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இந்த மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டி வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பிரேக் ஒன்று இருந்தால் ஆக்ஸிலரேட்டரும் எங்கோ இருக்க வேண்டும். ஆனந்தும் புரோபெக்கும் அதைத்தான் தேடினார்கள்.

எலியின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவி உண்டு. முன்னே பின்னே, இடது வலது, மேல் கீழ் என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, மயக்கத்தில் இருக்கும் எலியின் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய மின்முனையை உள்ளே இறக்கி, அந்தப் புள்ளியை மட்டும் மின்சாரத்தால் பொசுக்கலாம். நடுப்பக்கத்தை விட்டுவிட்டு, அதே மட்டத்தில் ஓரமாக நகர்ந்து இரண்டு பக்கமும் பொசுக்கினார்கள். எலி மயக்கம் தெளிந்து எழுந்தது. முன்னால் தீனி. அது தொடவே இல்லை. நாள் கடந்தது, தொடவில்லை. தட்டு நிறையத் தீனியை வைத்துக்கொண்டு அந்த எலிகள் பட்டினியாகச் செத்தன. வயிறு, நாக்கு, பல், குடல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஒரு பக்கம் மட்டும் பொசுக்கிய எலிகள் வழக்கம்போலச் சாப்பிட்டன. இன்னும் ஒரு படி போனார்கள். நடுப்பக்கம் சிதைந்து, கட்டுக்கடங்காமல் தின்று கொழுத்த எலியை எடுத்து அதற்கும் ஓரப்பக்கத்தைப் பொசுக்கினார்கள். அதுவும் தின்பதை நிறுத்திவிட்டது.

இரக்கமில்லாத சோதனை என்று உங்களுக்குப் படலாம். வகுப்பில் சொல்லும்போது எனக்கும் அப்படிப் பட்டதுண்டு. ஆனால் பசி எங்கிருந்து ஆளப்படுகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

அதே 1951-இல் சென்னையில் நால்வர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் நம் டாக்டர் பி. ராமமூர்த்தி ஒருவர், டெல்லியைச் சேர்ந்த பல்தேவ் சிங் இன்னொருவர். டெல்லியில் எய்ம்ஸ் வந்த பிறகு ஆனந்த் அங்கே உடலியல் துறையைக் கட்டி எழுப்பினார். பல்தேவ் சிங்கும் சின்னா என்ற இளையவரும் அவருடன் சேர்ந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்தது இது: விலங்கின் மூளையில் மின்முனைகளை வைத்து, இரத்தத்தில் குளுகோஸை ஏற்றிப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறினால் ‘போதும்’ சொல்லும் பகுதி சுறுசுறுப்பானது, ‘தின்’ சொல்லும் பகுதி அடங்கியது. சர்க்கரை இறங்கினால் தலைகீழ். அதாவது, இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதை மூளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த ஆய்வு அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ஆனந்துக்குப் பட்நாகர் விருதும் கிடைத்தது. இதே மனிதர்கள்தான் யோகிகளின் தலையில் மின்முனைகளை ஒட்டித் தியானத்தில் மூளை அலை எப்படி மாறுகிறது என்றும் பார்த்தார்கள். உலகம் அதைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். இந்திய விஞ்ஞானி என்றால் யோகியோடு சேர்த்துப் பார்த்தால்தான் வெளிநாட்டுக்காரனுக்குச் சுவைக்கிறது.

பிற்காலத்தில் ஆனந்தின் விளக்கம் சிக்கலாகியது. அதையும் சொல்லாவிட்டால் அரைக்கதை சொன்னவனாவேன். ஓரப்பக்கம் சிதைந்த எலிக்குக் குழாய் வழியாக ஊட்டிக் காப்பாற்றினால், சில வாரங்களில் தானாகச் சாப்பிடத் தொடங்கியது. தவிர, அந்த இடத்தின் வழியாக டோபமின் என்ற ரசாயனத்தைச் சுமக்கும் நரம்பு இழைகள் ஓடுகின்றன. பொசுக்கும்போது அவையும் போயின. ஆகவே பசிக்கு ஒரே ஒரு ‘மையம்’ என்பது மிக எளிமையான கணக்கு. ஆனால் 1998-இல் பசியைத் தூண்டும் ஒரெக்சின் என்ற பொருளைக் கண்டபோது, அதைச் சுரக்கும் செல்கள் எங்கே இருந்தன தெரியுமா? ஆனந்த் மின்முனை இறக்கிய அதே ஓரப்பக்கத்தில். (அந்தப் பொருளின் முக்கிய வேலை விழிப்பைக் காப்பது என்று பிறகு தெரிந்தது. மூளை நம் பாடப்புத்தகத் தலைப்புகளுக்குக் கட்டுப்படுவதில்லை.)

குணத்தின் மேல் குற்றம் சொல்லலாமா என்று தொடங்கினேன் அல்லவா, அதற்கு இப்போது வருகிறேன். 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டது. உடம்பில் உள்ள கொழுப்பே இதைச் சுரக்கிறது. இரத்தம் வழியாக ஹைப்போதலாமஸுக்குப் போய், ‘இருப்பு போதுமான அளவு இருக்கிறது’ என்று சொல்கிறது. மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்தில் இரண்டு பிள்ளைகளைக் கண்டார்கள். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம். இருவரும் உறவுக்காரப் பிள்ளைகள். எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. பிறந்தபோது சாதாரண எடைதான். சில மாதங்களிலேயே தீராத பசி. எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் வேண்டும் என்று அழுகை, மறுத்தால் ரகளை. அந்தப் பெற்றோரை ஊரார் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். இரத்தத்தைச் சோதித்தால் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. உடம்பு முழுக்கக் கொழுப்பு இருந்தும் ‘இருக்கிறது’ என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை. மூளையின் கணக்கில் அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு லெப்டினை ஊசியாகப் போடத் தொடங்கினார்கள். சில நாளிலேயே அவள் சாப்பாடு குறைந்தது. உடன் அமர்ந்த மற்றப் பிள்ளைகள் சாப்பிடும் வேகத்தில் சாப்பிட்டாள். எடை இறங்கத் தொடங்கியது. யாரும் அறிவுரை சொல்லவில்லை, யாரும் திட்டவில்லை. இல்லாத ஒரு பொருளைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இது மிக அரிதான நோய், பருமனாக இருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தாது. பெரும்பாலோருக்கு லெப்டின் நிறையவே இருக்கிறது, மூளைதான் அதற்குச் செவி கொடுப்பதில்லை. ஆனாலும் ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்ற பேச்சு அன்றோடு ஆட்டம் கண்டுவிட்டது என்றே நான் நினைக்கிறேன். 2025-இல் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்த உடல் எடை குறைக்கும் ஊசிகளும் பெரும்பாலும் மூளை வழியாகவே பசியை அடக்குகின்றன. வந்த புதிதில் விலை கேட்டாலே உங்களுக்கும் எனக்கும் பசி போய்விடும்படி இருந்தது.

மறுபக்கம் பட்டினி. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர், போருக்குப் போக மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து, பிறகு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். போரில் சிதைந்த ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிய வேண்டியிருந்தது. எடையில் கால்வாசி போனது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அவர்களின் மனம். படித்த, கொள்கையுள்ள அந்த இளைஞர்கள் வேறு எதையும் நினைக்க முடியாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தார்கள். கனவெல்லாம் சாப்பாடு. தட்டை நக்கினார்கள். எரிச்சல், சோர்வு, படிப்பில் கவனமின்மை. காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளை ஏன் ஜன்னலையே பார்க்கிறது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. 1982-இல் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கியது. காலைச் சோறு போட்டுப் பிள்ளைகளைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று பேசுகிறவர்களை அந்த 36 பேரின் கதையைப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி, ஒரு வாய் வாங்காத பிள்ளை. அங்கன்வாடி சகோதரிகளுக்கு இதுதான் தினசரித் தலைவலி. இதற்கு நாம் குன்னூருக்குப் போக வேண்டும். அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தவிட்டைத் தீட்டி எடுத்த அரிசியை மட்டும் தின்ற பறவைகளைப் பார்த்து அவர் கண்டுகொண்ட முதல் அறிகுறிகளில் ஒன்று, பசியே எடுக்காமல் போவது. சத்து குறைந்தால் அதிகம் சாப்பிடத் தோன்றும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது நேர்மாறு. தயமின் என்ற வைட்டமின் குறைந்தாலும் துத்தநாகம் குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் பசி மங்குகிறது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால், நோய்க்கிருமியோடு போராடும் செல்கள் சுரக்கும் பொருள்கள் மூளைக்குப் போய்ப் பசியை நிறுத்துகின்றன. சாப்பிடாததால் சத்துக் குறைவு, சத்துக் குறைவால் சாப்பிடாமை. அடம் பிடிக்கிறது என்று நாம் சொல்லும் பிள்ளை பெரும்பாலும் இந்தச் சுழலுக்குள் இருக்கிறது. அதட்டுவதற்கு முன்னால் கண் இமையைக் கீழே இழுத்து வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள், பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

மெக்காரிசன் தொடங்கிய அதே நிறுவனத்தைப் பின்னாளில் நடத்தியவர் சி. கோபாலன். 1918-இல் சேலத்தில் பிறந்தவர், நூறு வயது கடந்து 2019-இல் மறைந்தார். அவர் பிறந்தபோது இந்த மலையும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தது, ஆகவே நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம். உலகமே ஏழைப் பிள்ளைகளுக்குப் புரதப் பவுடர் கொடுக்க வேண்டும் என்று குதித்த காலத்தில், அந்தப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிடும் தானியமும் பருப்புமான சாப்பாட்டையே வயிறாரச் சாப்பிட்டால் புரதக் குறைவும் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று வாதாடியவர் அவர். சிக்கல் எங்கே என்றால், இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. களியோ கஞ்சியோ, தண்ணீரை இழுத்துப் பெருத்து நிற்கும் சாப்பாடு. மூன்று வேளையில் தேவையானது உள்ளே போகாது. ஐந்து வேளையாகப் பிரித்து, ஒரு கரண்டி எண்ணெயோ வேர்க்கடலைப் பொடியோ சேர்த்துக் கொடுத்தால் போகும். பவுடர் டப்பா வாங்கக் கடன் வாங்காதீர்கள்.

இப்போது ரோட்டில் பஸ்ஸோடு ஏறி வந்த சாப்பாட்டுக்கு வருகிறேன். பிஸ்கட், குர்குரே, நூடுல்ஸ். அமெரிக்க அரசின் ஆராய்ச்சி மருத்துவமனையில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை உள்ளேயே தங்கவைத்து ஒரு சோதனை செய்து, 2019-இல் வெளியிட்டார். இரண்டு வாரம் ஆலையில் தயாரான சாப்பாடு, இரண்டு வாரம் சமைத்த சாப்பாடு. ஒவ்வொருவரும் இரண்டையும் சாப்பிட்டார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரு பக்கமும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றார்கள். ஆலைச் சாப்பாட்டு வாரங்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சுமார் ஒரு கிலோ ஏறியது. சமைத்த சாப்பாட்டில் அதே அளவு இறங்கியது. ஆள் மாறவில்லை, மனஉறுதி மாறவில்லை. மென்மையான சாப்பாடு வேகமாக உள்ளே போய்விட்டது, ‘போதும்’ என்ற செய்தி வந்து சேர்வதற்குள் தட்டு காலி என்பது ஒரு விளக்கம். ஐந்து ரூபாய் பாக்கெட்டைப் பிரித்த பிள்ளை பாதியில் நிறுத்தாததற்கு அந்தப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. நிறுத்தாமல் தின்ன வேண்டும் என்றே செய்த பண்டம் அது.

சாமையை விட்டு ரேஷன் அரிசிக்குப் போனது தப்பு என்று கீழேயிருந்து வருகிறவர்கள் உங்களுக்கு உபதேசம் செய்வார்கள். நான் செய்யமாட்டேன். சாமையை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தியது பெண்களின் தோள். அரிசி வந்து அந்தத் தோளுக்கு ஓய்வு கொடுத்தது. அதை இழப்பு என்று பேச எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தோளை வருத்தாமல் சிறுதானியத்தைத் தட்டுக்குக் கொண்டுவர வழி உண்டு. 2023-இல் நம் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அது நல்ல தொடக்கம். சாமை குத்தும் மெஷின் ஊருக்குள்ளேயே இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் சிறுதானியத்தை மருந்துபோல விற்கிறவர்களையும் நம்பாதீர்கள். கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை விரைவாகவே ஏறும். பளபளவென்று தீட்டிய சாமைக்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தவிடு ஒட்டியிருக்கும் சாமைச் சோறும், அவரைக்கொட்டைக் குழம்போடு மெதுவாக விழுங்கும் களியும் வேறு கணக்கு. இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-இல் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு சொன்னது. மலை உயரமாக இருப்பதால் அது இங்கே ஏறி வராது என்று இருந்துவிட முடியாது.

கடைசியாக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். களி சாப்பிட்டால் பசி தாங்கும் என்று இந்த மலையில் எல்லோரும் சொல்கிறீர்கள். அதை அளந்து பார்க்கலாமே. கெவின் ஹாலுக்கு வேண்டியிருந்தது இருபது பேர். பெரியவர்களில் விருப்பமுள்ள இருபது பேர் இங்கே கிடைக்கமாட்டார்களா? ஒரு வாரம் காலையில் களி, ஒரு வாரம் அதே அளவு கலோரிக்கு அரிசிச் சோறு. யார் எதில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மதியம் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, வேண்டிய மட்டும். பரிமாறியதையும் மிஞ்சியதையும் எடை போட்டு எழுதுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கான தாள்களை நான் தயார் செய்து தருகிறேன், கணக்குப் போடவும் வருகிறேன். சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். ஐந்து கிராம் வித்தியாசம் காட்டுவதாக இருந்தால் போதும்.